பிரசங்கபீடத்தின் மரக்குடை

‘கைவைக்காதே’ என்றொரு மனித இனம் உண்டு. வருஷம் முழுக்கக் கண்ணில் படாது. டிசம்பரில் விமானத்திலிருந்து இறங்கி, ஊரில் எது எது மாறிவிட்டது என்று சுற்றிப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டு, பொங்கலுக்கு முன் கிளம்பிவிடும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காரைக்கால் வட்டாரத்தில், நெரவிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்து அருள்மணி அந்த இனம்தான். பாரிசில் வேலை. தமிழ், பிரெஞ்சு இரண்டிலும் படித்தவர்; ஆகவே இரண்டிலும் கவலைப்படத் தெரிந்தவர். அங்கே குளிருக்குப் பயம், இங்கே கொசுவுக்குப் பயம், கொதிக்கவைக்காத தண்ணீருக்கு எங்கேயும் பயம். பயமில்லாமல் அவர் நேசித்தது ஊரின் பழைய லுத்தரன் கோயில் ஒன்றைத்தான். சுண்ணாம்புச் சுவர், வளைவு ஜன்னல், கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி, பெண்கள் உட்காரும் கோரைப்பாய், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரசங்கபீடம். அதற்கும் மேலே, மைக் இல்லாத காலத்தில் போதகரின் குரல் சிதறாமல் சபைக்குப் போய்ச் சேர மிஷனரிகள் தொங்கவிட்ட மரக்குடை.

அந்தக் குடையைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. போதகர் போன் செய்தார்.

“ஆடுதுங்க தம்பி. எறக்கி வெச்சிரலாம்னு கமிட்டியில பேசுறாங்க.”

“ஐயா, அது சரித்திரம். கைவைக்காதீங்க.”

“கீழ நிக்கிறது நாந்தாங்களே.”

“இத்தனை வருஷத்துல விழுந்துச்சாங்க?”

விழவில்லைதான். பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்பதில் இந்த இனத்தை யார் வெல்ல முடியும்? போனோடு விட்டாரா? கமிட்டி முழுவதற்கும் ஈமெயில் போட்டார். கமிட்டி பயந்தது. குடை தொங்கியது. போதகர் ஞாயிறுதோறும் பிரசங்கத்தைச் சுருக்கினார். சபை சந்தோஷப்பட்டது.

கிறிஸ்துமஸ் வந்தது, அருள்மணியும் வந்தார். டிஜிட்டல் கேமராவில் குடையைப் படம் படமாக எடுத்தார். வாசலில் நின்று, ஜூம் போட்டு.

அந்தச் சபையில் ஒரு வழக்கம்: பண்டிகை ஆராதனையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்தான் பீடமேறி வேதபாடம் வாசிக்க வேண்டும். அருள்மணிக்கு அது மறந்துபோயிருந்தது. போதகருக்கு மறக்கவில்லை.

“வாங்க தம்பி, ஏறுங்க” என்றார். அவ்வளவு பாசமாக அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

ஏறினார். படி முனகியது. வேதாகமத்தைத் திறந்தார். மேய்ப்பர்கள் வருகிற இடத்தில் மேலேயிருந்து ஒரு சிட்டிகை மரத்தூள் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். புத்தகத்தை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார்.

“தொண்டை கட்டியிருக்கு.”

முன்வரிசைப் பாயிலிருந்து கிழவி குஞ்சம்மா சபைக்கே கேட்கும்படி சொன்னாள்: “தொண்டை கட்டுனா குனிஞ்சு இருமுவாங்க ராசா. நீ எதுக்கு அண்ணாந்து பாக்குற?”

ஆராதனை முடிந்ததும் போதகரை வேப்பமரத்தடிக்கு ஒதுக்கிக்கொண்டு போனார் அருள்மணி.

“குடைய எறக்கிரலாங்கய்யா.”

“சரித்திரமாச்சே தம்பி?”

“போட்டோ எடுத்துட்டேன்ல.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஊர் வீட்டு ஓட்டுக்கூரையை மாற்ற வேண்டாம், அந்த அழகு வராது என்று போன வாரம் போனில் கண்டித்துச் சொன்னீர்களே, அந்த ஓட்டுக்குக் கீழே கட்டில் போட்டுப் படுத்திருப்பது யார்?