மணவறை ஏத்தின ட்ரக்குக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். ட்ரக்குக்கு ஒரு சூப்பர்சார்ஜர் பாத்து வாங்கிறது.

சூப்பர்சார்ஜர் எண்டால் என்னெண்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியாது. அது வேறை கதை.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி. நாங்கள் அப்ப ஸ்காபரோவிலை, மல்வேர்ன் எண்ட பகுதியிலை, ஒட்டி ஒட்டிக் கட்டின ரவுண்ஹவுஸ் ஒண்டிலை இருந்தம். எங்கடை ஆக்கள் எல்லாரும் சின்னச் சின்ன யப்பான் கார் ஓடேக்கை, நான் மட்டும் ஒரு பிக்கப் ட்ரக் வைச்சிருந்தன். சும்மா ட்ரக் இல்லை. முந்தி அதை வைச்சிருந்த பெடியன் அடியிலை இரும்பு குடுத்துத் தூக்கிக் கட்டி, உழவு ட்ரக்டருக்குப் போடுற மாதிரி ரயரும் போட்டு வைச்சிருந்தான். கதவு என்ரை நெஞ்சு உயரத்திலைதான் துடங்கும்.

நான் ஆள் கட்டை.

ஏறுறதுக்குக் குசினி முக்காலி தேவை. முக்காலியிலை ஏறி, சீற்றிலை போய் இருந்துகொண்டு, முக்காலியிலை கட்டின கயித்தைப் பிடிச்சு அதை மேலை இழுக்கோணும். கிணத்திலை தண்ணி அள்ளுற மாதிரி. நான் வேலைக்கு வெளிக்கிடுற நேரம் பாத்து அக்கம்பக்கத்துச் சனம் ஜன்னலடியிலை வந்து நிக்கும்.

ட்ரக்கிலை ஒரேயொரு குறை. ஓடாது. ஓடும், ஆனால் நல்லா யோசிச்சுத்தான் ஓடும். அந்தப் பெரிய ரயரைச் சுத்த எஞ்சினுக்குச் சீவன் காணாது. ஒருக்கா வடக்கை பண்ணைகள் இருக்கிற ஸ்ரௌவ்வில் பக்கம் போகேக்கை, எனக்குப் பின்னாலை வந்த உழவு ட்ரக்டர் ஹோர்ன் அடிச்சது.

இது இப்பிடி இருக்க, வசந்தியின்ரை தங்கச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை கலியாணம். வசந்தி என்ரை மனிசி. மண்டபம் ஸ்ரௌவ்விலிலை. மணவறை சோடிக்கிறவரின்ரை வான் வியாழக்கிழமை மூச்சை விட்டிட்டுது. மாமா வீட்டிலை எல்லாரும் தலையிலை கையை வைச்சுக்கொண்டு இருக்கினம். நான் எழும்பினன்.

"ஏன் யோசிக்கிறியள்? என்ரை ட்ரக் நிக்குதெல்லே."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தினம். மாமாவும் பாத்தார். நான் அவரின்ரை மோளைக் கட்டின நாள் துடங்கி அவர் என்னை அப்பிடி மரியாதையாப் பாத்தது அண்டைக்குத்தான். வசந்தி மட்டும் ஜன்னலுக்காலை ட்ரக்கைப் பாத்தா.

பிறகு என்னைக் குசினிக்குள்ளை கூப்பிட்டா. முகூர்த்தம் காலமை எண்டும், என்ரை ட்ரக் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரும் எண்டும் ஆறுதலா விளங்கப்படுத்தினா. கடைசியா ஒண்டு சொன்னா.

"மணவறை வராமல் என்ரை தங்கச்சி வெறும் கதிரையிலை இருந்து தாலி வாங்கவேண்டி வந்தால், நீங்கள் அந்த ட்ரக்கிலையே குடியிருக்கலாம்."

அடுத்த நாள் வேலையிலை குகனிட்டைப் போய் அழுதன். குகன் என்னோடை ஒரே ஷிஃப்ற். ஊரிலை பெற்றோல் இல்லாத காலத்திலை மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடினவன். அந்த ஒரு காரணத்தாலை, எஞ்சின் எண்டால் தனக்குத் தெரியாதது ஒண்டுமில்லை எண்டு நினைப்பு. அவன்தான் சூப்பர்சார்ஜரைப் பற்றிச் சொன்னவன். எஞ்சின்ரை பெல்ற்றிலை கொழுவி விட்டால் அது காத்தை அமத்தி எஞ்சினுக்குள்ளை ஊதுமாம். ஊதுகுழலாலை அடுப்பை ஊதின மாதிரி நெருப்புப் பத்துமாம். ட்ரக் பறக்குமாம்.

நான் வீட்டிலை சொல்ல, வசந்தி ரெண்டு கட்டளை போட்டா. மலிவா இருக்கோணும். நடுவழியிலை கைவிடக் கூடாது. இந்த ரெண்டையும் பாத்துத்தான் தான் மாப்பிள்ளை எடுத்ததெண்டும், அதிலை ஒண்டுதான் சரிவந்ததெண்டும் சொன்னா. எது எண்டு நான் கேக்கேல்லை.

சனிக்கிழமை காலமை, ஸ்காபரோவிலை காருக்கு வேகம் கூட்டிக் குடுக்கிற ஒரு கடைக்கு நானும் குகனும் போனம். கடைக்காரர் என்ன எஞ்சின் எண்டு கேட்டார்.

"கறுப்பு" எண்டன்.

அவர் பேனையை மூடி வைச்சார். பிறகு ரெண்டு மூண்டு சாமான் எடுத்து மேசையிலை வைச்சார். ஒண்டு அச்சொட்டாய் நத்தை மாதிரி இருந்தது. வேகமாய்ப் போறதுக்கு நத்தையை வாங்கிறதோ எண்டு நான் ஒரு பகிடி விட்டன். மனிசன் சிரிக்கேல்லை. அது வருசக்கணக்கா உழைக்கும் எண்டார். விலை என்ரை ட்ரக்கை விடக் கூட. மற்றது எனக்குக் கட்டுப்படியாகிற விலை, ஆனால் எஞ்சின் மிஞ்சாது எண்டார். மலிவாயும் நம்பிக்கையாயும் ஒண்டு இல்லையோ எண்டு கேட்டன்.

அவர் எழும்பி வெளியிலை வந்து ட்ரக்கைச் சுத்திப் பாத்தார். "முதல்லை உந்த ரயரைக் கழட்டிப்போட்டுச் சின்ன ரயர் போடு. அரைவாசி வருத்தம் மாறியிடும்" எண்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உயரத்தைக் குறைக்கச் சொல்லி என்னைப்போல ஒரு ஆளுக்குச் சொல்லுறதோ? முக்காலியைப் போட்டு ஏறினன். முக்காலியை இழுத்தன். கோவத்திலை விசுக்கெண்டு வெளிக்கிடுவம் எண்டு பாத்தால், ட்ரக் யோசிச்சு வெளிக்கிடுறதுக்கிடையிலை அவர் உள்ளை போய் லைற்றையும் நூத்திட்டார்.

ஒஷாவாவிலை பழைய சாமான் யாட் ஒண்டு தனக்குத் தெரியும் எண்டான் குகன். ஹைவேயிலை வலது கரையைப் பிடிச்சுக்கொண்டு போனம். வழியிலை ஒரு செத்தவீட்டு ஊர்வலம் எங்களை விலத்திக்கொண்டு போச்சுது. பெட்டி ஏத்தின கார் முதல்லை, அழுதுகொண்டு இருந்த சனம் பின்னாலை. எல்லாரும் எங்களைப் பாத்தினம். எங்களுக்காண்டியும் கொஞ்சம் அழுத மாதிரித்தான் எனக்குப் பட்டது.

யாட்டுக்காரன் கதிரையிலை இருந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தான். சூப்பர்சார்ஜர் எண்டு குகன் கேக்க, எழும்பாமலே கையை நீட்டி, காத்து ஊதுற சாமான் எல்லாம் அந்த மூலையிலைதான் கிடக்கு, பாத்து எடுங்கோ எண்டான்.

பாத்தம். எப்பிடிப் பாக்கிறது எண்டுதான் தெரியேல்லை. நான் சந்தையிலை தேங்காய் தட்டுற மாதிரி ஒவ்வொண்டாய்த் தட்டி, காதுக்குக் கிட்ட வைச்சுக் கேட்டன். குகன் மணந்து பாத்தான். கடைசியிலை ஒரு பச்சை நிறச் சாமானைத் தூக்கினான். தூக்கேக்கையே அவன்ரை முகம் சிவந்திட்டுது.

"மச்சான், என்ன பாரம் பார். மலிவுச் சாமான் எண்டால் இப்பிடிப் பாரமா இருக்குமோடா?"

அது எனக்கும் சரியாப் பட்டது. கையாலை சுத்திப் பாத்தன், சத்தமில்லாமல் சுத்திச்சுது. விலையும் நாங்கள் நினைச்சதிலும் குறைவு. இதை நம்பலாமோ எண்டு யாட்டுக்காரனைக் கேட்டன். கேற்றடி வரைக்கும் நம்பலாம் எண்டான்.

பின்னேரம் எங்கடை பார்க்கிங்கிலை வைச்சு குகன் அதைப் பூட்டினான். எஞ்சினுக்கு மேலை இருக்கிற பொனற்றை மூட இடம் விடேல்லை. இரும்பு அறுக்கிற வாளாலை ஒரு ஓட்டை வெட்டினான். இப்ப பொனற் மூடினது, ஆனால் பச்சைச் சாமான்ரை தலை வெளியிலை நீட்டிக்கொண்டு நிண்டது. காத்தை எஞ்சினுக்குக் கொண்டு போக ஒரு குழாய் தேவைப்பட்டது. உடுப்புக் காயவைக்கிற மெசினுக்குப் பின்னாலை ஒரு வெள்ளிக் குழாய் இருக்குமெல்லே, சுருங்கி விரியிற குழாய், அதை வசந்தி குளிக்கப் போன நேரம் பாத்துக் கழட்டிக்கொண்டு வந்தன். ஸ்ராட் பண்ண, அது 'ம்ம்ம்' எண்டு மெல்லமா முனகிச்சுது. குகன் கண்ணை மூடிக்கொண்டு, சங்கீதம் கேக்கிற ஆள் மாதிரித் தலையை ஆட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை விடியவே மணவறையை ஏத்திப்போட்டம். தங்க நிறத் தூண்கள், ரெண்டு பக்கமும் வைக்கிற, பாரமில்லாத றெஜிபோமிலை வெட்டின யானைகள், நடுவிலை போடுற பெரிய சிம்மாசனம். வசந்தி கூறைச்சீலை மாதிரி ஒரு சிவப்புப் பட்டுச்சீலை உடுத்திக்கொண்டு முக்காலியிலை ஏறி முன் சீற்றிலை நடுவிலை இருந்தா. அங்காலை குகன்.

மார்க்கம் ரோட்டாலை வடக்கை திரும்பி, காலை நல்லா அமத்தினன்.

படார் எண்டு ஒரு சத்தம். வெள்ளிக் குழாய் பொனற் ஓட்டையாலை பறந்து போய் ஆரின்ரையோ மரத்திலை தொங்கிச்சுது.

அதுக்குப் பிறகுதான் துடங்கினது ஊளை. முதல்லை நாய் ஊளையிடுற மாதிரி அடிக்குரலிலை. நான் அமத்த அமத்த அது மேலை ஏறி, கடைசியிலை அம்புலன்ஸ் சைரன் மாதிரியே வந்து நிண்டது.

முன்னாலை போன கார் கரைக்குப் போய் நிண்டது. அதுக்கு முன்னாலை போனதும் ஒதுங்கிச்சுது. பஸ் ஒதுங்கிச்சுது. சிவப்பு லைற்றிலை நான் மரியாதையா நிண்டால், குறுக்கை பச்சை விழுந்த சனம் அசையாமல் நிண்டு, போ போ எண்டு எனக்குக் கை காட்டிச்சுது. ரோட்டுக்கரையிலை நிண்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பின்னாலை இருந்த தங்கச் சிம்மாசனத்தைக் கண்டிட்டுத் தொப்பியைக் கழட்டி நெஞ்சிலை வைச்சார்.

"பாத்தியே பவரை" எண்டான் குகன்.

எனக்கும் பறக்கிற மாதிரித்தான் இருந்தது. வசந்தி காதைப் பொத்திக்கொண்டு எட்டி மீற்றரைப் பாத்தா. முள் எப்பவும் நிக்கிற இடத்திலைதான் நிக்குது எண்டு என்ரை காதுக்குள்ளை கத்திச் சொன்னா. ட்ரக் ஓடேல்லை. சனம்தான் ஒதுங்கிச்சுது.

பின்னாலை பொலிஸ் கார் எவ்வளவு நேரமா வந்ததோ தெரியாது. அவன்ரை சைரன் எனக்குக் கேக்கேல்லை. வசந்திதான் கண்ணாடியிலை லைற்றைக் கண்டவ.

நிப்பாட்டினன். பொலிஸ்காரன் இறங்கி வந்தான். நான் கயித்தைப் பிடிச்சு முக்காலியை மெல்ல மெல்லக் கீழை இறக்கினன். அவன் பொறுமையாப் பாத்துக்கொண்டு நிண்டான். பிறகு யானைகளைப் பாத்தான். சிம்மாசனத்தைப் பாத்தான். இதிலை எதை முதல்லை கேக்கிறதெண்டு அவனுக்குத் தெரியேல்லை.

கடைசியிலை சத்தத்தைப் பற்றிக் கேட்டான். சூப்பர்சார்ஜர் எண்டன். என்ரை முக்காலியிலையே ஏறி, பொனற் ஓட்டைக்குள்ளை தலையை விட்டுப் பாத்தான். தோள் மட்டும் குலுங்கிச்சுது.

"எங்கடை அப்பாவின்ரை பண்ணையிலை இது நிண்டது" எண்டான். "இது மாட்டிலை பால் கறக்கிற மெசின்ரை பம்ப். இது ஊதாது. உறிஞ்சும்."

குகன் அங்காலை திரும்பி ஆகாயத்தைப் பாத்தான்.

என்னவாம் எண்டு வசந்தி கேட்டா. நல்ல சாமானாம் எண்டு மொழிபெயர்த்தன்.

பொலிஸ்காரன் ரிக்கற் புத்தகத்தை எடுத்தான். கடும் ஓட்டத்துக்கு எழுதேலாது, ஏனெண்டால் நான் போனது அந்த ரோட்டிலை போகவேண்டிய வேகத்திலும் குறைவு. இதைச் சொல்லேக்கை அவனுக்கே என்னைப் பாக்கப் பாவமா இருந்தது. தங்கச்சி, கலியாணம், மணிக்கூடு எண்டு வசந்தி கையாலையும் வாயாலையும் விளங்கப்படுத்தினா. கண்ணும் கலங்கியிட்டுது. அவன் புத்தகத்தை மூடினான். அந்தப் பெல்ற்றைக் கழட்டிப்போட்டுத் தனக்குப் பின்னாலை வரச் சொன்னான்.

குகன் கழட்டினான். ஊளை நிண்டது. வெளிக்கிட்டால், ட்ரக் முந்தினதிலும் பாக்க வேகமா ஓடுது. அவ்வளவு நேரமும் எஞ்சின் ரயரோடை சேத்துப் பால் பம்பையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கு. சூப்பர்சார்ஜர் கழட்டினாப் பிறகு நல்லா வேலை செய்யுது எண்டான் குகன். வசந்தி அவனைப் பாத்த பார்வைக்கு அவன் ஸ்ரௌவ்வில் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியிலையே பாத்துக்கொண்டு வந்தான்.

மண்டப வாசலுக்கு முன்னாலை பொலிஸ் கார் லைற் அடிக்க, பின்னாலை மணவறை போய் இறங்கிச்சுது. மாமா ஓடிவந்து என்ரை கையைப் பிடிச்சார். மாப்பிள்ளை பகுதியிலை அகதி வழக்கு முடியாத ரெண்டுபேர் பொலிஸ் காரைக் கண்டிட்டுச் சமையல் பக்கம் போய் மறைஞ்சு நிண்டவையாம். தாலி முகூர்த்தத்துக்குக் கட்டியாச்சு. பொலிஸ்காரன் வடையும் கேசரியும் சாப்பிட்டிட்டு, சிம்மாசனத்துக்குப் பக்கத்திலை நிண்டு ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனான்.

அந்த வெள்ளிக் குழாய் இல்லாமல், உடுப்புக் காயவைக்கிற மெசின்ரை ஈரக்காத்து எங்கடை வீட்டுக்குள்ளேயே வருது எண்டு வசந்தி கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் பிடிச்சது. அண்டைக்கே பம்பை வித்துப்போட்டு வரச் சொன்னா.

பேப்பரிலை விளம்பரம் போட்டன். ஸ்ரௌவ்விலுக்கு அங்காலை பண்ணை வைச்சிருக்கிற ஒரு பெரியவர் வந்தார். தட்டிப் பாக்கேல்லை, மணந்தும் பாக்கேல்லை. நல்லா வேலை செய்யுமோ எண்டு மட்டும் கேட்டார்.

மார்க்கம் ரோட்டிலை எல்லாரும் ஒதுங்கி வழி விட்டவை எண்டு நான் பெருமையாச் சொன்னன்.

"என்ரை மாடுகள் ஒதுங்காமல் நிண்டால் எனக்கு அது போதும்" எண்டு சொல்லிப்போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.