காணாமல் போன கிழக்குத் தாம்பரம்

விண்வெளியில் தொலைநோக்கி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஏழு கண்ணாடிகளில் ஒன்று மயிரிழை பிசகினாலும் படம் கெட்டுவிடும். அவற்றை அவ்வப்போது நகர்த்திச் சரிசெய்யும் மகத்தான பொறுப்பு, தாம்பரத்து அலுவலகம் ஒன்றில், இன்னும் வேலை நிரந்தரமாகாத ஹெப்சியிடம் இருந்தது. நிரந்தரம் செய்ய வேண்டியவர் இயக்குநர் ராஜகோபாலன்.

அண்ணன் கல்யாணத்துக்கு அனகாபுத்தூர் போன ஹெப்சி திரும்பி வருவதற்குள் ஒரு கண்ணாடி இம்மியளவு நகர்ந்துவிட்டது. படத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டாகத் தெரிந்தது. இயக்குநர் பார்த்தார், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். புதிய இரட்டை நட்சத்திரத்துக்கு மேற்குத் தாம்பரம், கிழக்குத் தாம்பரம் என்று பெயரும் சூட்டியாயிற்று.

“சார், கண்ணாடி நகர்ந்திருக்கு. எல்லா நட்சத்திரமுமே ரெண்டு ரெண்டாத்தான் தெரியுது,” என்றாள் ஹெப்சி.

“அப்படியா? அப்போ மாசத்துக்கு ஒண்ணா ரிலீஸ் பண்ணலாம்மா.”

அதற்குள் ஊர் கிளம்பிவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ‘இரட்டை நட்சத்திர நகர்’ மனைகள் விற்பனைக்கு வந்தன. பையன்கள் சலூனில் காதோரம் இரண்டு நட்சத்திரம் செதுக்கிக்கொண்டு திரிந்தார்கள். கிழக்குத் தாம்பரத்துக்காரர்கள் மட்டும், தங்கள் நட்சத்திரம் கொஞ்சம் மங்கலாகத் தெரிவது திட்டமிட்ட புறக்கணிப்பு என்று ரயில் நிலையத்தில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

ஹெப்சிக்குப் பொறுக்கவில்லை. படித்த படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா? யாரையும் கேட்காமல் கண்ணாடியைத் திருத்தினாள். படம் பளிச்சென்று வந்தது. கூடவே மெமோவும் வந்தது: “தங்கள் பொறுப்பிலிருந்த கிழக்குத் தாம்பரம் என்னும் நட்சத்திரம் காணாமல் போயுள்ளது. இந்நிலையில் தங்களை ஏன் நிரந்தரம் செய்ய வேண்டும் என்பதற்கு உடனடியாக விளக்கமளிக்கவும்.”

“சார், இல்லாத நட்சத்திரம் எப்படிக் காணாமப் போகும்?”

“இருந்துச்சேம்மா, நானே பார்த்தேன். பேர் வெச்சாச்சு, போட்டோ ஃபிரேம் போட்டு மாட்டியாச்சு. நீ கை வெச்சப்புறம்தான் காணோம். போலீஸ்ல சொன்னா அவங்க யாரைக் கேப்பாங்க?”

ஹெப்சி யோசித்தாள். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அம்மா அவசரப்பட்டு, சர்ச்சில் எல்லார் முன்னாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சாட்சியே கொடுத்துவிட்டிருந்தாள். கண்ணாடி பழைய கோணலுக்குப் போனது. கிழக்குத் தாம்பரம் திரும்பி வந்தது. ஹெப்சி நிரந்தரமானாள். காணாமல் போன நட்சத்திரத்தை மீட்டதற்காக அவளுக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

அடுத்து, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று பணிவோடு கடிதம் எழுதிக் கேட்டது: எங்கள் தொலைநோக்கியில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் தெரிகிறது, எங்கள் பக்கம் என்ன தவறு?

பதில் எழுதும் வேலை ஹெப்சி தலையில் விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் முறைப்படி எழுதினாள்: “உங்கள் கண்ணாடிகள் எல்லாம் நேராக இருக்கின்றன. உடனே சரிசெய்யவும்.”

வாரம் திரும்புவதற்குள் அவர்களுக்கும் இரண்டு தெரிந்தது.