கா. என்றால் காலாவதி

துறைமுகவடி,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள மருமகன் சுகிர்தனுக்கு,

கோணேசர் கிருபையால் இங்கே மாமியும் மாமியின் முழங்காலும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் நீர் கொழும்பிலிருந்து செய்து அனுப்பிய கணினித் திட்டம் நான் செத்துவிட்டேன் என்று அடித்துச் சொல்வதால், அந்த வரியைப் பிறகு பார்ப்போம்.

எங்கள் வாசிகசாலையை ஸ்மார்ட் நூலகமாக்கித் திறந்து மூன்று கிழமை. முதல் நாளே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வாசலில் அட்டையைக் காட்டினால் ஒரு பெண்குரல் பேர் சொல்லி "வாருங்கள்" என்கிறது, கதவு திறக்கிறது. எனக்கு முன்னால் நின்ற எல்லோருக்கும் திறந்தது. என்னுடைய அட்டையைக் காட்டினேன். "கனகசுந்தரம். காலமானவர். ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று திரையில் விழுந்தது. பின்னால் நின்ற ஒருத்தர் என் தோளைத் தொட்டுப் பார்த்தார். நூலகர் சுலோஜனா பழைய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "ஐயா, சந்தா முடிஞ்ச ஆக்களின்ர பேருக்குப் பக்கத்தில 'கா.' எண்டு சிவப்பு மையால எழுதிக் கிடக்கு. காலாவதி எண்டதை மெசின் காலமானவர் எண்டு விளங்கிக்கொண்டுது. திருத்துறதெண்டால் உங்கட மருமகன்தான் வரவேணும்" என்றா. நூற்றுப்பதினேழு பேரை ஒரே நாளில் அனுப்பிவிட்டீர், மருமகன். நல்லாயிரும்.

கூத்து அதோடு முடியவில்லை. உண்மையாகவே செத்தவர்களின் பேருக்குப் பக்கத்தில் பழைய நூலகர் ஒன்றுமே எழுதவில்லை, மனிசனுக்கு மனம் வரவில்லையாக்கும். அதனால் அவர்களெல்லாம் உம்முடைய மெசினில் உயிரோடு இருக்கிறார்கள். மூதூர் முஹம்மது தம்பியும் இருக்கிறார். என்னிலும் நாலு வயது மூத்தவர் என்பதால் நான் அவரைத் தம்பிக் காக்கா என்றுதான் கூப்பிடுவது, காக்கா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். துறைமுகத்தில் ஒரே இழுவைப்படகில் இருபத்தாறு வருடம். பென்சன் எடுத்த பிறகு, இடது காலை இழுத்து இழுத்து, மூதூர் பஸ்ஸில் வந்து ஜன்னலோரக் கதிரையில் என்னோடு வாசிப்பார். புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதித்தான் சண்டை பிடிப்போம். கடைசிச் சண்டை மட்டும் வாயால். வாசிகசாலையை ஸ்மார்ட் ஆக்கப்போகிறார்கள் என்ற கதை அப்போதே வந்துவிட்டது; ஆக்கினால் புத்தகம் இருக்கா என்று வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம், நல்லது என்றார் காக்கா. எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, "அப்ப வீட்டிலயே இருங்க, இனி இஞ்ச வரத் தேவையில்லை" என்றேன். அவர் வரவில்லை. அவர் பாதியில் விட்ட கப்பற் புத்தகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், "கோவத்தில சொன்னது காக்கா. வாங்க" என்று எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த மாதம் நான்தான் மூதூருக்குப் போனேன், அவருடைய ஜனாஸா அடக்கத்துக்கு. அது போன வருடம் மாசியில்.

இனிச் சொல்லப்போவதைச் சிரிக்காமல் வாசியும். சுலோஜனாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு தினமும் உள்ளே போகிறேன். ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு எனக்கு எரியிறதில்லை. கை நீட்டினால் வரும் தண்ணி எனக்கு வாறதில்லை. போன கிழமை தெருவில் திரிந்த மான் ஒன்று உள்ளே தலையை நீட்டியது, அதுக்கு ரெண்டு விளக்கு எரிஞ்சுது! சரி, போகட்டும். ஆனால் காலமை பத்து நாற்பதுக்கு, மூதூர் பஸ் சந்தியில ஹோன் அடிச்ச கையோட, வாசல் கதவு தானாத் திறக்குது. ஒருத்தரும் இல்லை. "வாருங்கள், முஹம்மது தம்பி" எண்டு அந்தக் குரல்காரப் பெட்டை சொல்லுறா. பிறகு வாசலில இருந்து ஜன்னல் மட்டும் விளக்குகள் ஒவ்வொண்டா எரியுது, ஆறுதலா, கால் ஏலாத மனிசன் நடக்கிற வேகத்தில. கடைசியா அந்தக் கதிரைக்கு மேல ஃபேன் சுத்துது. "சென்சர் பிழை ஐயா" எண்டு சுலோஜனா சொன்னவதான், சொல்லிக்கொண்டே மரியாதையா எழும்பி நிண்டவ.

அதே கப்பற் புத்தகத்தை அவர் வியாழக்கிழமை எடுத்து நேற்றுத் திருப்பித் தந்ததாத் திரை சொல்லுது. அதை எனக்குத் தா எண்டால், காலமானவருக்குப் புத்தகம் குடுக்க ஏலாதாம். ஆகவே மருமகன், என்னை உடனே உயிர்ப்பியும், காக்காவை முறைப்படி மரணிக்கச் செய்யும். செத்த மனிசன் வாறதைத் தாங்கலாம். வந்தும் என்னோட கதைக்காமல் இருக்கிறதைத் தாங்க ஏலாது.

உமக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். மாமி கட்டுச்சம்பல் போத்தல் ஒன்று அனுப்புகிறா, ஆசியை விட அது உதவும்.

இதுவரை உயிரோடிருக்கும்,
மாமா கனகசுந்தரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் கையோட வாசிகசாலைக்குக் கொண்டுவந்தனான், சுலோஜனா அந்தப் புத்தகத்தைச் சீலைத் தலைப்பில மறைச்சுக் கொண்டுவந்து தந்தா. என்ர எழுத்துக்குக் கீழ காக்கான்ர சரிஞ்ச எழுத்து: "வாறன் கனகு." மவுத்தாக முன்னம், நான் வராத ஒரு நாள் வந்து எழுதியிருப்பார் எண்டு சுலோஜனா சொல்லுறா. ஓம், இருக்கலாம். தடவிப் பார்த்தனான், விரலில பென்சில் தூள் ஒட்டுது. மேல கேட்டது ஒண்டையும் செய்யாதையும். அவரை அப்பிடியே விடும், என்னையும் திருத்தாதையும். ஜன்னலோரம் இண்டைக்கு ரெண்டு கதிரை பதிவாம், இப்பதான் திரையில பார்த்தனான். ரெண்டாவதில என்ர பேர். ஒதுக்கியவர்: முஹம்மது தம்பி. பஸ் ஹோன் கேக்குது, வைக்கிறன்.