குளியல் தொட்டியில் ஒரு பெலங்காஸ்

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு மாதம் ஆகப் போகிறது. என் சாய்வு நாற்காலிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதில் என் மனைவி சந்திரமதியின் அண்ணன் பொன்னுதுரை படுத்திருந்தார். பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டம் பார்க்க சிரம்பானிலிருந்து வந்தவர். தோரணங்களை அவிழ்த்துவிட்டார்கள். வாணவேடிக்கைப் புகைகூட ஊரைவிட்டுப் போய்விட்டது. மச்சான் போகவில்லை. என் நாற்காலி, என் ரேடியோ, பொரித்த மீனில் என் நடுத்துண்டு எல்லாமே அவர் ஆட்சியில்.

"உங்க அண்ணன் எப்ப கெளம்புறாரு?" என்று சந்திரமதியிடம் கேட்டேன்.

"ஏன், உங்களைக் கடிச்சாரா?"

நாலு காலுள்ள நாற்காலியை மீட்க, பத்துக் காலுக்கு மேலுள்ள ஒன்றைத் தேடி கிளேபாங் கடற்கரைக்குச் சைக்கிளை மிதித்தேன். மீன் விற்கும் ஜெய்னுலாப்தீன் பாய் வலையில் சிக்கியிருந்த பெலங்காஸ் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். குதிரைலாட நண்டு என்பார்களே, அதுதான். கவிழ்த்துப் போட்ட இரும்புச் சட்டி. பின்னால் ஈட்டி மாதிரி வால். திருப்பினால், அடியில் அத்தனை கால்களும் காற்றில் எதையோ பின்னிக்கொண்டிருந்தன. எமன் கழற்றி வைத்த தலைக்கவசம் தானாக நடந்து வந்தது போலிருந்தது.

"கடிக்குமா பாய்?"

"இதுவா? பாவம், வாயில்லாப் பூச்சி. பார்க்கத்தான் இப்படி."

"பார்த்தாலே போதும் பாய்."

சாக்கில் கட்டி, காஜா பேராங்கிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சந்திரமதி பக்கத்து வீட்டு மரியத்தோடு பேசப் போயிருந்தாள். கொல்லைப்புறமாக நுழைந்து, குளியலறையின் சிமெண்டுத் தொட்டியில் அதை இறக்கிவிட்டு, நல்ல பிள்ளையாக மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மச்சான், குளிக்கிற எடத்துல ஏதோ சத்தம் கேக்குது. முன்ன இந்த வீட்டுல ஒரு கப்பல்காரன் குடியிருந்தானாம். கடல்லயே போயிட்டான். அப்பப்ப குளிக்க வருவான்னு பேச்சு."

"செத்தவன் எதுக்கு மாப்ளே குளிக்கணும்?"

"உப்புத் தண்ணி ஒத்துக்கலை போல."

சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துப் போனார். தகர வாளி உருளும் சத்தம். பிறகு ஓர் அலறல். தலைக்கு ஊற்றிய தண்ணீர் தரையைத் தொடுமுன் மச்சான் கூடத்தில் நின்றார்.

"வந்துட்டான்! தொட்டிக்குள்ள தொப்பி போட்டு உக்காந்திருக்கான்! ஈட்டியோட!"

அவர் பெட்டியை எடுத்து நீட்டினேன். "மத்தியான பஸ்ஸைப் பிடிச்சிடலாம் மச்சான்."

சத்தம் கேட்டு ஓடிவந்தாள் சந்திரமதி. உள்ளே போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள்.

"ஐயோ அண்ணே! நீங்க போயிட்டா என் கதி? இவரு காலையில வேலைக்குப் போனா சாயங்காலந்தான் வருவாரு. அதுவரைக்கும் இந்தப் பேயோட நான் தனியா குடும்பம் நடத்தணுமா?"

மச்சான் பெட்டியைக் கீழே வைத்தார். "உன்னை விட்டுட்டுப் போனா நான் ஒரு அண்ணனா?"

"சந்திரா, அது பேயில்ல, பெலங்காஸ்! ஒண்ணும் செய்யாது!" என்றேன் அவசரமாக.

ஒப்பாரி நின்றது. "நீங்கதான் உள்ள போய்ப் பார்க்கவே இல்லையே. எப்படித் தெரியும்?"

மச்சானும் என் பக்கம் திரும்பினார்.

"பேயேதான்," என்றேன்.

மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு, தங்கையின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், உப்புத் தண்ணி ஜீவன். நல்ல தண்ணியில செத்துடப் போவுது. கிளேபாங்ல கொண்டு விட்டுட்டு வாங்க."

"உனக்கு... தெரியுமா?"

"மரியம் வீட்டு ஜன்னல்லேருந்து நம்ம கொல்லை நல்லாத் தெரியும்."

நான் தலையைக் குனிந்தபடி சைக்கிளை எடுத்தேன். பின்னாலேயே அவள் குரல் வந்தது.

"சைக்கிளுக்கு நல்லா காத்து அடிச்சு வைங்க. நாளைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். எனக்குத் துணைக்கு ருக்மணி அண்ணியையும் அஞ்சு பிள்ளைங்களையும் வரச் சொல்லித்தான் அண்ணன் தந்தி குடுக்கப் போயிருக்காரு."