ஊட்டுல ஓட்டறதுக்கு ஒரு ராலி சைக்கிள்

கருமத்தம்பட்டி,
19.11.1996

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய சத்தியமங்கலம் மச்சான் ரங்கராஜ் அவர்களுக்கு, திருமலைசாமி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் இருவரும் சுகம் என்று முதல் வரியை எழுதிவிட்டேன். முப்பத்திநாலு வருஷமாக உங்களுக்கு எழுதிப் பழகிய கை, என்னைக் கேட்காமலேயே எழுதிவிடுகிறது. அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று தாளைக் கிழித்துப் போட்டு வேறு தாள் எடுத்தேன், அதிலும் அப்படியே வந்தது. இது மூன்றாவது தாள். அங்கு நீங்கள், அக்கா, பேரன் பேத்திகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். பவானியில் தண்ணீர் நிறையப் போகிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மஞ்சளுக்கு நல்லது.

நிற்க. உங்கள் தங்கையின் பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். வாசலில் நின்று நீங்கள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "என்ற அப்பன் பேரையே அறுத்து எறிஞ்சுபோட்டீங்க மாப்பிள்ளை. என்ற தங்கச்சி ரோட்டுல ஓட்டோணும்னு ஆசைப்பட்ட சைக்கிளை ஊட்டுக்குள்ள கொண்டாந்து கட்டிப்போட்டீங்க. அவளையும் அப்படித்தான வெச்சிருந்தீங்க" என்றீர்கள். அதற்கு என் வாயில் வந்த பதில், "ரசம் ஊத்தப்போறாங்க, இருந்துட்டுப் போங்க மச்சான்" என்பதுதான். ரசத்துக்காக நீங்கள் நிற்கவில்லை. ஒரு வாரமாக யோசித்துப் பார்த்ததில், நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் உங்கள் கோபம் பாதியாவது குறையும் என்று தோன்றியது. குறையாவிட்டாலும் எழுதி முடித்த திருப்தி எனக்கு இருக்கும். இந்த வீட்டில் இப்போது பேசுவதற்கும் ஆள் இல்லை பாருங்கள்.

அந்த ராலி சைக்கிளின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. எஸ்டேட் வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனதை உங்கள் அப்பா வாங்கி, குறுக்குக் கம்பியில் உளி வைத்து 'செங்கோடன்' என்று தன் பெயரைக் கொத்திக்கொண்டார். பன்னிரண்டு வயதில் உங்கள் தங்கை அந்தக் கம்பிக்கு அடியில் காலை விட்டு யாருக்கும் தெரியாமல் ஓட்டப் பழகியதையும், அதை நீங்கள் அப்பாவிடம் போய்ச் சொன்னதையும், அவர் அன்றே சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியதையும் அவள் கடைசி வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எங்கண்ணன் மட்டும் சும்மா இருந்திருந்தா நான் ஊட்டிக்கே ஓட்டிட்டுப் போயிருப்பேனுங்க" என்பாள். இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை மச்சான். கல்யாணத்தில் அதே சைக்கிள் எனக்குச் சீராக வந்தது, உங்கள் தங்கையும் வந்தாள். நான் சீட்டில் உட்கார்ந்தேன், அவள் கேரியரில் உட்கார்ந்தாள். மில்லில் எனக்குப் பணி ஓய்வு வருகிற வரைக்கும் அந்த ஏற்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. மாற்றம் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஆனி மாதம் மில்லில் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். நேரம் பார்த்து ஓட வேண்டிய வேலை முடிந்த அன்றைக்குக் கடிகாரம் கொடுக்கிறார்களே என்று நான் அதை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு வருஷம் சமைத்துப் போட்டவளுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று நினைத்து, வளையல் செய்து போடட்டுமா என்று கேட்டேன்.

"வளையல் வேண்டாங்க. அந்த சைக்கிளை எனக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுங்க. கம்பி இருந்தா சீலையோட ஏற முடியாது" என்றாள்.

"இந்த வயசுலயா?"

"வேற எந்த வயசுங்க மிச்சமிருக்குது?"

அவள் என்னிடம் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் அதுதான். அதனால்தான் உங்கள் அப்பாவின் பெயர் இருக்கும் கம்பி என்றுகூட யோசிக்காமல் அறுக்கத் துணிந்தேன்.

ஆடி முதல் வாரம் சைக்கிளை பஸ் மேலே ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர் சைக்கிளுக்கும் டிக்கெட் கேட்டார். எங்கே இறங்குகிறது என்றும் கேட்டார், நானும் யோசிக்காமல் "நானும் அதுவும் ஒண்ணாத்தானுங்க இறங்குவோம்" என்று சொல்ல, பஸ்ஸே சிரித்தது. கோட்டைமேட்டில் பீர் முகம்மது பாயின் பட்டறையில் இறக்கினேன். பழைய சைக்கிளைப் புதிது மாதிரி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று மில்லில் எல்லோரும் சொல்வார்கள். அவர் சைக்கிளைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இது இங்கிலீஷ்காரன் மரைங்ணா. நம்ம நட்டு இதுல ஏறாது. ஒவ்வொண்ணும் தேடோணும். சரி, யாருங்ணா ஓட்டறது?" என்று கேட்டார். இந்த இடத்தைத்தான் மச்சான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நான் சொன்ன பதில், "ஊட்டுல ஓட்டறதுக்குங்க" என்பது. வேறு என்ன சொல்வது? பெண்டாட்டியைப் பெயர் சொல்லியா நாம் பேசுகிறோம்? நீங்களும் வீட்டுக்கு விசேஷப் பத்திரிகை வந்தால் "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க" என்றுதானே சொல்கிறீர்கள்? லோகப்பிரியா பிறந்த பிறகு கூப்பிடுவதற்கு "லோகு அம்மா" என்று ஒன்று கிடைத்தது, அதற்கு முன்னால் வெறும் "ஏம்புள்ள"தான்.

சீட்டு உயரம் வைப்பதற்குக் கால் அளவு வேண்டும் என்று பாய் கேட்டனுப்பினார். அறுபதை நெருங்கும் வயதில் நான் அவளை நிற்கவைத்துக் கால் அளவு எடுக்க முடியுமா? கொடியில் காய்ந்த உள்பாவாடையை மில் ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னத் அம்மா பார்த்துவிட்டு, "என்னுங்க அளக்கறீங்க?" என்றார்கள். துணி எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கிறேன் என்று மழுப்பினேன். மறுநாள் தெருவில் மூன்று பேர் சீலையைக் கொண்டுவந்து சுருங்குமா என்று கேட்டார்கள், நானும் தொட்டுப் பார்த்துச் சொல்லி அனுப்பினேன். நடுவில் ஆடிப்பெருக்கு கழிந்து ஒரு நாள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று உங்கள் தங்கை தனியாகவே கோயமுத்தூர் போய் வந்தாள். கண்ணாடி மாறவில்லை. "பழசே போதும்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க" என்றாள். அந்த டாக்டர் நல்ல மனுஷர் என்று நான் பாராட்டினேன்.

ஆவணி கடைசியில் சைக்கிள் தயார் என்று தகவல் வந்து ஓடினேன். பாய் சாக்கை விலக்கினார். குறுக்குக் கம்பி போய், பெண்பிள்ளைகள் ஏறுகிற மாதிரி பிரேம் தாழ்வாக வளைந்து, கறுப்புப் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் முன் சக்கரத்தைக் காணோம். பின் சக்கரத்தில் டயர் இல்லை. மொத்தச் சைக்கிளும் ஒரு இரும்பு ஸ்டாண்டின் மேல் பற்றவைக்கப்பட்டு, தரையில் ஆணியடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. மிதித்தால் பின் சக்கரம் காற்றில் சுற்றும், சைக்கிள் ஒரு அங்குலம் நகராது. நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார், "ஊட்டுல ஓட்டறதுக்குன்னுதானுங்ணா சொன்னீங்க? இப்ப டாக்டருங்க சொல்லி நிறையப் பேரு ஊட்டுக்குள்ள வெச்சு மிதிக்கறாங்க. உங்க மூட்டுவலிக்குன்னு நெனச்சுப்போட்டேன்." இதைத் தலையைத் தூக்காமல் சொன்னார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பாவாடை அளவுக்கும் என் காலுக்கும் அரை அடி வித்தியாசம், இத்தனை அனுபவசாலிக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் கிளாஸோடு வந்து நின்றார்கள். காது கேட்காத மனுஷன், மூளை மழுங்கிய மனுஷன் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவர் குனிந்து சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அறுத்த கம்பியைக் கேட்டு வாங்கக்கூட அந்தக் கோபத்தில் தோன்றவில்லை. இத்தனை நாளில் அது பழைய இரும்புக்குப் போயிருக்கும். உங்கள் அப்பா பெயரைத் தொலைத்தது நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை அதைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து சிரித்தாள். "போகுதுங்க, இதுவும் சைக்கிள்தான்" என்றாள். ஸ்டாண்டை அறுத்துச் சக்கரம் போட்டுத் தருகிறேன் என்று எத்தனை தரம் சொன்னாலும் "தீபாவளி கழியட்டுங்க" என்பாள். ஜன்னல் ஓரம் ரோட்டைப் பார்த்து வைத்தோம். தினம் சாயங்காலம் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி மெதுவாக மிதிப்பாள். முதல் நாள் "சோமனூர் போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள். நானும் வேடிக்கைக்கு, வரும்போது வெற்றிலை வாங்கி வா என்றேன். அப்புறம் தெக்கலூர், அப்புறம் அவிநாசி. அவிநாசியிலிருந்து நேராகப் போகாமல் புளியம்பட்டி ரோட்டில் திரும்பிவிட்டேன் என்றாள். எங்கே போகிறாய் என்றதற்கு, "எங்கண்ணன் ஊட்டுக்குத்தான், இந்தத் தடவை அவரு யார்கிட்டயும் சொல்ல முடியாது" என்றாள். ஐப்பசி பதினொன்றாம் தேதி இறங்கும்போது, "இன்னிக்குப் புளியம்பட்டி தாண்டிட்டேனுங்க. நாளைக்கு எங்கண்ணன் ஊட்டுல காபி" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். மறுநாள் விடிந்து நான் போய் எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். உங்கள் வீட்டுக்கு வருகிற வழியில்தான் மச்சான் அவள் போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, அதை நினைத்தால் தாங்க முடியவில்லை.

நான் அவளைக் கட்டிப்போடவில்லை. கட்டிப்போட்டது ஒரு சொல். 'ஊட்டுல' என்று சொல்லாமல் அவள் பெயரைச் சொல்லித் தொலைத்திருந்தால் அவள் ரோட்டில் போயிருப்பாள். அந்தப் பாயை என்னால் மன்னிக்க முடியவில்லை, என்னையும் முடியவில்லை. அந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியாது. வரும் வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் மஞ்சள் மண்டிக்குப் போகும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன். உங்கள் அப்பா வீட்டுப் பொருள், அங்கேயே இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம். பேரன் பேத்திகளுக்குப் படிப்பும் ஆயுளும் பெருக ஆசீர்வாதம். உங்கள் கோபம் தீர்ந்தால் நாலு வரி போடுங்கள், தீராவிட்டாலும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை,
திருமலைசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், வாசலில் பீர் முகம்மது பாய் வந்து நின்றார். துக்கம் அவருக்கு நேற்றுத்தான் தெரிந்ததாம். கையில் துணி சுற்றி அந்தக் கம்பி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேனுங்ணா. ஊட்டுலன்னா யாருன்னு தெரியாதுங்களா? எனக்கும்தான் ஊட்டுல இருக்கறாங்க. ஆடி மாசம் உங்க ஊட்டம்மா கடைக்கு வந்தாங்க. நெஞ்சுல கோளாறு, ரோட்டுல தனியாப் போனா மயங்கி விழுந்துருவேன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருன்னாங்க. 'அவரு ஆசையாச் செய்யறாரு. வேண்டாம்னா காரணம் கேப்பாரு, தெரிஞ்சா அவருக்குச் சோறு எறங்காது. நீங்க ஸ்டாண்டு வெச்சு நிறுத்திப்போட்டு, ஊட்டுலன்னதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிருங்க'ன்னாங்க. அவரு நம்போணுமேம்மான்னேன். 'நம்புவாருங்க. என்ற பேரை அவரு எங்கயுமே சொன்னதில்லை'ன்னு சிரிச்சாங்க" என்றார். அவர் காலில் விழப் போனேன், பிடித்துக்கொண்டார்.

ஆகவே மேலே பாயைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். லாரி வராது. சைக்கிள் ஜன்னல் ஓரத்திலேயே இருக்கும். புளியம்பட்டியிலிருந்து மீதி வழியை நான் மிதித்துக்கொண்டிருக்கிறேன். அவள் அளவுக்குச் செய்தது, என் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது, அதனால் வந்து சேர நாளாகும். உங்கள் அப்பா பெயர் இருக்கும் கம்பியைச் சாக்கில் சுற்றித் தைத்துவிட்டேன், நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரை எழுதவில்லை. செல்லாத்தாள், கருமத்தம்பட்டி என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.