குனிந்து கும்பிட்ட மோட்டார்

படகு மோட்டார் விற்கிற கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்வார்கள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்களா? அந்தக் கடையில் சொன்னார்கள். வாசலில் அறுபது ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே கிரீஸ் வாசனை, பெட்ரோல் வாசனை, அதற்கும் மேலே ஊதுபத்தி வாசனை. பெட்ரோலுக்குப் பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்தலாமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் போனது ஒரு ஸ்பார்க் பிளக் வாங்க. எல்லாரும் கைகூப்பி நின்றார்களே என்று நானும் கூப்பிக்கொண்டேன்.

எல்லாம் மோட்டார் சித்தரின் மகிமை. எங்கிருந்து வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் மதிப்பு. பக்கத்துத் தெருக்காரர் என்றால் யார் வணங்கப் போகிறார்கள்? ஆறு மாதமாக அந்தக் கடையின் நடுவே உயரமான நாற்காலி போட்டு, கீழே சிவப்புக் கம்பளம் விரித்து, எந்த மோட்டார் யாருக்கு என்று அருள்வாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரைத்திறன் என்ன, எடை என்ன என்று நீங்கள் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மோட்டாருக்கு முன்னால் நில்லுங்கள். சித்தர் கண்ணை மூடுவார். கூட்டம் மொத்தமும் 'ம்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து முழங்க வேண்டும். அது உங்களுக்கான மோட்டாராக இருந்தால் மெல்லத் தலையைக் குனிந்து, விசிறி இருக்கும் காலைப் பின்னால் தூக்கி, உங்களைக் கும்பிடும்.

பட்டனை அமுக்கினால் அந்த மாதிரி மோட்டார் குனியும், நிமிரும் என்பது ஊருக்கே தெரியும். ஆழமில்லாத தண்ணீரில் விசிறி தரை தட்டாமலிருக்க அப்படிச் செய்தது. ஆனால் பட்டன் மோட்டாரின் விலாவில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. அதுதான் அற்புதம். தொடவில்லை என்று காட்ட ஒரு சீடர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே பக்கத்தில் நிற்பார். அதே வேலைக்கு வேறு இடத்தில் இன்னொரு பட்டனும் வைக்கலாம் என்று அறுபது மண்டையில் ஒன்றுக்குக்கூட எட்டவில்லை. என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு விசேஷம். மூன்று வருடமாக விற்காமல் தூசி படிந்து கிடந்த பெரிய மோட்டார்களுக்குத்தான் மனிதர்கள் மேல் அவ்வளவு பிரியம். மீன் வியாபாரி ஒருவர் அப்படி ஒன்றை வாங்கிப் போனார். அதன் கால் நீளம், அவர் ஓட்டுவதோ முழங்கால் தண்ணீரில். மோட்டார் சேற்றை உழுதது. திரும்பி வந்து அழுதவரிடம் சித்தர், "மோட்டாருல குறை இல்லப்பா, உன் நம்பிக்கைதான் குறை" என்றார். அவரும் நம்பிக்கையைக் கூட்டிக்கொள்ள வாரா வாரம் வந்து முதல் வரிசையில் நின்று 'ம்ம்ம்' போடுகிறார்.

அன்றைக்கு ஒரு படகுக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் சின்னப் படகில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் வேலைக்குப் போகிறவர்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகிறவர். இரண்டு கரையிலும் தண்ணீர் ஆழமில்லை. கரை நெருங்கும்போதெல்லாம் பழைய மோட்டாரைக் கையால் வெட்டியிழுத்துத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. இன்னொரு தடவை அப்படித் தூக்கினால் கை மேலே எழும்பவே எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை எழும்பாவிட்டால் படகு இல்லை, படகு இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு இல்லை.

மனைவி தையல்காரி. அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. படகின் பின்பலகை உயரத்தை அதனால் அளந்து, படகில் அடித்திருந்த தகட்டில் இருந்ததையும் ஒரு சீட்டில் எழுதி வந்திருந்தாள். இருபது குதிரைத்திறன், அதற்கு மேல் கூடாது. ஜன்னல் ஓரத்தில் அப்படியே ஒன்று இருந்தது. சின்னது. பட்டனை அமுக்கினால் தானே மேலே எழும்பும். ஓடும்போதே சாய்வைக் கூட்டிக் குறைத்துப் படகின் மூக்கைச் சமமாக்கலாம்.

"இதுதாங்க நமக்கு. காலும் சரியான அளவு," என்றாள் நாடாவைச் சுருட்டியபடி.

"எதுக்கும் சித்தர் ஒரு வார்த்தை சொல்லட்டுமே."

"டாக்டர் சொன்னது பத்தலையா?"

"டாக்டர் கைக்குச் சொன்னாரு. இது மோட்டாருக்கு."

சின்ன மோட்டாரின் முன் படகுக்காரர் நின்றார். முழங்கினோம். அது அசையவில்லை. "இவன் உன்னை ஏத்துக்கல," என்றார் சித்தர் வருத்தமாக. அடுத்து, மூலையில் கிடந்த நாற்பது குதிரைத்திறன் மோட்டார். முழங்கினோம். அது குனிந்தது, காலைத் தூக்கியது. படகுக்காரரின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, எனக்காகக் குனிஞ்சுது."

"அது நாப்பதுங்க. நம்ம படகு தாங்காது. பின்னாடி தண்ணி ஏறும். உள்ள பிள்ளைங்க உக்காந்திருக்கும்."

"நம்பிக்கை இருந்தா தண்ணி ஏறாதும்மா," என்றார் சித்தர். கடை முதலாளி ஏற்கெனவே ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். படகுக்காரர் இடது கையால் பேனாவை வாங்கினார். அது தப்பு என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் நிற்கிறவனுக்கு வாய் 'ம்ம்ம்' போட மட்டும்தானே.

நாங்கள் எல்லாரும் மோட்டாரின் தலையைப் பார்த்தபோது தையல்காரி பார்த்தது சித்தரின் காலை. இருபது வருடமாக மின்சாரத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவள். எங்கே எது ஓடினாலும் அவள் கண் முதலில் காலுக்குத்தான் போகும்.

"சாமி, ஒரு சின்ன ஆசை. அந்த நாப்பதையே இன்னொரு தடவை குனிய வைங்க. ரெண்டு காலையும் மேல மடக்கிச் சம்மணம் போட்டுக்கிட்டு."

"என் பாதம் பூமியில படணும். சக்தி பூமியிலேருந்துதான் வருது."

"சரிங்க சாமி. அப்ப நாலடி தள்ளி, அந்த வெறும் தரையில நில்லுங்க. அதுவும் பூமிதானே."

சித்தர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார். சித்தரை மாட்டிவிட்டவர்கள் பக்தர்கள்தான். "செஞ்சு காட்டிடுங்க சாமி, அந்தம்மா வாயை அடைங்க," என்று மீன் வியாபாரியே கையைப் பிடித்து இறக்கிவிட்டார். வெறும் தரையில் நின்றார் சித்தர். முழங்கினோம். மோட்டார் அப்படியே நின்றது.

"சத்தம் பத்தல, நல்லாப் போடுங்க," என்றார் மீன் வியாபாரி. தொண்டை கிழியப் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை.

"சந்தேகப் பிராணிங்க இருக்கிற இடத்துல சக்தி வேலை செய்யாது," என்றார் சித்தர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

"கொஞ்சம் முன்னாடி குனிஞ்சப்பவும் நான் இங்கதான் சாமி இருந்தேன்." தையல்காரி புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நீங்க போய் அந்த நாற்காலியில உக்காருங்க."

"பாவம் புடிச்சுக்கும்."

"புடிச்சா நான் பாத்துக்கிறேன், உக்காருங்க."

அவர் கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்து, வலது காலைக் கம்பளத்தில் வைத்தார். இப்போது யாரும் முழங்கவில்லை. அந்த அமைதியில் 'ஙொய்ய்' என்று ஓர் இரைச்சல். மோட்டார் குனிந்தது. பதறிக் காலை எடுத்தார், நின்றது. இடது காலை ஊன்றினார், நிமிர்ந்தது.

இந்த இடத்தில் கூட்டத்துக்குப் புத்தி வந்திருக்க வேண்டுமல்லவா? மீன் வியாபாரி நெடுஞ்சாண்கிடையாகப் படகுக்காரர் காலில் விழுந்தார். "அண்ணே, உங்களுக்கும் சக்தி வந்துடுச்சு." பின்னால் பத்துப் பேர் வரிசை கட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கையும் பாதி தூரம் எழுந்துவிட்டது.

தையல்காரி குனிந்து கம்பளத்தைப் புரட்டினாள். அடியில் இரண்டு மிதி பட்டன்கள். அவற்றிலிருந்து ஒரு வயர் கம்பளத்துக்குள்ளேயே ஓடி, மூலையில் கிடந்த பெரிய மோட்டாரில் போய்ச் சேர்ந்தது.

"இதே மாதிரி ஒண்ணு என் மெஷினுக்கு அடியில இருக்கு. இருபது வருஷமா மிதிக்கிறேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் என் கால்ல விழுந்ததில்ல. அந்த இரைச்சல் காதுல விழக் கூடாதுன்னுதான் உங்களை எல்லாம் 'ம்ம்ம்' போடச் சொல்லியிருக்காங்க."

எல்லாரும் சித்தரைத் தேடினோம். பின்வாசல் வழியாகப் பக்குவமாய் நழுவி, வாசல் பக்கம் சுற்றி வந்து, போகிற அவசரத்திலும் ஒரு நல்ல செருப்பாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போயிருந்தார். என்னுடையது. "எனக்கே இப்பத்தாங்க தெரியும்," என்றார் முதலாளி, தன் சொந்தக் கம்பளத்தில் நின்றுகொண்டு.

"தெரிஞ்ச வரைக்கும் போதும். அந்தச் சின்ன மோட்டாருக்கு ஒரு பேட்டரி மாட்டுங்க," என்றாள் அவள். மாட்டினார்கள். படகுக்காரர் இடது கைக் கட்டைவிரலால் பட்டனைத் தொட்டார். சின்னது குனிந்தது. அவர் தன் தோளைத் தடவிக்கொண்டு, மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தார். எனக்குச் செருப்புப் போன துக்கம்கூடப் போய்விட்டது.

ரசீது எழுதும்போது மீன் வியாபாரி பணிவாகத் தையல்காரியிடம் வந்தார். "அம்மா, எந்தக் கிழமையில நீங்க குறி சொல்றீங்க?"

அவள் அவரையும், அவருக்குப் பின்னால் நின்ற எங்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"மோட்டார் தலை குனியணும்னா பேட்டரி வேணும், வயர் வேணும், ஒருத்தர் பட்டனையும் அமுக்கணும். உங்க தலை குனியறதுக்கு இதுல ஒண்ணுகூடத் தேவைப்படலையே. வீட்டுக்குப் போய் அதைக் கொஞ்சம் யோசிங்கய்யா."