வண்டிச் சாவிக்காக வீரமணி களி கிண்டிய காதை

அடி கருத்த அலுமினியக் குண்டானே, தளதளவெனக் கொதிக்கும் உலைநீரே, கணப்பொழுது அயர்ந்தாலும் கல்லென இறுகும் கேழ்வரகு மாவே, நீங்கள் மூவரும் சாட்சியாக இக்காதையைத் தொடங்குகின்றேன். நெடுஞ்சாலையோரத்து அதியமான்கோட்டையில், வானம் பார்த்த மேட்டுநிலத்துக்கும் செவலை என்னும் ஒற்றைப் பசுவுக்கும் உரிமை பூண்ட கோமான், தைப்பொங்கலன்று மதுவைத் துறந்து ஆடித் திங்கள் பிறந்தபின்னும் அத்துறவு கலையாத தவத்தோன், காவேரியின் கணவன் வீரமணி வாழ்க! அவன் வலக்கை அவனினும் நீடு வாழ்க! அக்கையே இக்காதையின் தலைவன். வீரமணி அதனைச் சுமந்து நின்றவன் மட்டுமே.

குடியை விட்ட மாத்திரத்தில் உடல் மீண்டுவிடும் என்று எண்ணுவோர் போர்முறை அறியாதோர். அவன் உடலாகிய கோட்டையினுள் பல்லாண்டு வாடகையின்றிக் குடியிருந்த பகைவர், காலிசெய்க என்றதும் மூட்டை கட்டினாரல்லர். விடியுமட்டும் கூரையைப் பார்த்துக் கிடக்கவைத்த உறக்கமின்மை என்னும் குறுநில மன்னன் மாசியில் மடிந்தான். அன்றிரவு எழுந்த குறட்டை முழக்கத்தின்முன் நெடுஞ்சாலை லாரிகளின் ஒலிப்பான்கள் நாணித் தலைகுனிந்தன. சோற்றைக் கண்டாலே குமட்டவைத்த பசியின்மை என்னும் அரக்கி பங்குனியில் புறமுதுகிட்டாள். அவள் ஓடிய வேகத்தில் வீட்டு அரிசிமூட்டையும் உடன் ஓடியது. தீவனக்கட்டைத் தலையிலேற்றிப் பத்தடி வைப்பதற்குள், தொப்பூர் ஏற்றத்தில் இரும்புக்கம்பி சுமந்த லாரியைப்போல் முனகி முக்கி நின்றவன், சித்திரையில் அதே கட்டைச் சுமந்து சீழ்க்கையடித்தபடி வரப்பேறி வந்தான். மூச்சிரைப்பு என்னும் யானைப்படை அன்றே கலைந்தது. முகத்து வீக்கம் வடியவே, நெடுங்காலம் தலைமறைவாய் இருந்த தாடையெலும்பு வெளிப்பட்டு உற்றார் உறவினர்க்குக் காட்சி தந்தது.

எனினும், படைத்தலைவன் ஒருவன் எஞ்சினான். நடுக்கம் என்பது அவன் பெயர். வலக்கை விரல்நுனிகளில் பதுங்கியிருந்து, தேநீர்க் குவளையை வீரமணி ஏந்துந்தோறும் பாதியை வாய்க்கும் மீதியைச் சட்டைக்கும் பகிர்ந்தளித்த பாதகன் அவன்.

அவன் ஒழியுமட்டும் மொபெட்டின் சாவி கிடையாது என்பது காவேரியின் ஆணை. அது நீதி வழுவாத ஆணையே. மளிகைக்கடை, மதுக்கடைக்கு அப்பால் இருந்தது. முற்காலத்தில் மளிகைக்கடைக்கெனப் புறப்பட்ட வீரமணி ஒருநாளும் மளிகைக்கடையை அடைந்தானல்லன். வளைவு வந்ததும் வண்டி தானே திரும்பிவிடும் என்பது அவன் தரப்பு வாதம். ஆதலின் அச்சாவி, காவேரியின் தாலிக்கொடியில் கோத்த ஊக்கில் தொங்கியது. அதனினும் காவல்மிக்க கருவூலம் தருமபுரி மாவட்டத்தில் இல்லை. வண்டி தொழுவத்தோரம் கோழிகளுக்குப் பள்ளியறை ஆயிற்று. வீரமணியோ பால்கேனைத் தோளில் சுமந்து, வண்டியில் செல்வோர் “என்ன வீரமணி, நடராஜா சர்வீஸா?” என்று வினவிச் செல்ல, சொசைட்டிக்கு நடந்தான். எள்ளலின் கூர்மை வேலினும் கொடிது.

ஒருநாள் அவன் பொறாது முறையிட்டபோது, காவேரி முறம் ஏந்திய கையளாய் எழுந்து பிரகடனம் செய்தாள்:

“கையி ஆடாம, ஒத்தக் கட்டி இல்லாம, ஒரு குண்டான் களி கிண்டிக் காட்டுங்க. அன்னிக்கே சாவி உங்குளுது. மூச்சு வுட மாட்டேன்.”

கேழ்வரகுக் களியோ நடுங்கும் கையை மன்னிக்கும் இயல்பினதன்று. கோல் ஒருகணம் தடுமாறினும், மாவு வேகாத கட்டிகளாய்த் திரண்டு, உண்பவன் பல்லில் அகப்பட்டுக் கிண்டியவனைக் காட்டிக்கொடுக்கும்.

வீரமணி அயர்ந்தானல்லன். எவரும் அறியாவண்ணம் மாட்டுத்தொழுவத்தைப் பயிற்சிக்களமாக்கினான். காலையும் மாலையும் செவலையின் தொட்டியில் நீர் வார்ப்பான், தவிட்டைக் கொட்டுவான், இடக்கையால் கைப்பிடி உப்பை அள்ளி வீசுவான், வலக்கையால் கோலைச் சுழற்றுவான். வார்த்தல், கொட்டல், வீசல், சுழற்றல் என இந்நான்கும் முறை பிறழாது நாள்தோறும் நடந்தன. கலங்கிச் சுழலும் தவிட்டுக் கடலைக் கண்டு செவலை வியந்தது. தீவனத்தைக் குடிக்கக் கொடுக்காமல் இவ்வளவு நேரம் கிண்டுவானேன் என்று சினந்து கத்தவும் செய்தது. மெல்ல மெல்லத் தோள் திரண்டது. மணிக்கட்டு உறுதி கொண்டது. பின்னொரு நாள், நிறைந்த தேநீர்க் குவளை சட்டையைத் தீண்டாமலே வாயைச் சேர்ந்தது.

ஆடி ஞாயிறு வந்தது. காரிமங்கலத்திலிருந்து காவேரியின் தம்பி தமிழ்மணி விருந்துக்கு வந்தான். நாட்டுக்கோழிக் குழம்பு அடுப்பிறங்கி மணந்தது. அளவறிந்து உப்பிட்டு, நொய்யரிசி வேகவைத்த உலையின்முன் காவேரி கோலை நீட்டினாள்.

“வாங்க. இன்னிக்கே பாத்துரலாம்.”

வேட்டியை மடித்துக் கட்டினான் வீரமணி. தமிழ்மணி நாற்காலியை இழுத்துப் போட்டமர்ந்து போர்முரசு கொட்டினான்:

“மாமா, உங்க கையி ஆடுதா, இல்ல குண்டான் ஆடுதா? யக்கா, நீ எதுக்கும் குண்டானப் புடிச்சுக்க!”

அக்காளும் தம்பியும் இமை கொட்டாது வலக்கையையே நோக்கினர். நால்விழியும் வலக்கையை நோக்கியதால் இடக்கையை நோக்க எவ்விழியும் எஞ்சவில்லை. அந்தோ! மாவைக் கொட்டியவுடன் அவ்விடக்கை, தொழுவத்தில் பழகிய முறை பிறழாமல், அடுப்போரத்து உப்புச்சாடியினுள் புகுந்து, செவலைக்கு இடும் அளவிலேயே கைப்பிடி அள்ளி உலையில் வீசி மீண்டது. அது செய்ததை அதன் உடைமையாளனும் அறிந்தானல்லன்.

மாவு வெந்தது. குண்டான் தரையில் இறங்கியது. இரு பாதங்களுக்கிடையே பழந்துணி சுற்றி அதனைச் சிறைப்படுத்தி, கோலை ஊன்றினான் வீரமணி. மலையைக் கொண்டு கடல் கடைந்தாற்போல, சூறைக்காற்று புளியந்தோப்பில் புகுந்தாற்போல, பொட்டல் நிலத்தைப் பொக்லைன் புரட்டினாற்போலக் களியைப் புரட்டினான். களி இறுகியது, அவன் அதனினும் இறுகினான். களி எதிர்த்தது, கோல் முறிவதுபோல் முனகியது, நெற்றியில் அரும்பிய வியர்வை மீசையில் வழிந்தது. விரல்நுனியில் ஒளிந்திருந்த நடுக்கம் இறுதியாய் ஒருமுறை தலைதூக்கிப் பார்த்து, இங்கு இனி நமக்குப் பிழைப்பில்லை எனத் தெளிந்து, ஆவியோடு ஆவியாய்க் கலந்து கூரைவழியே வெளியேறியது. கை ஆடவில்லை!

காவேரி நீர் தொட்ட கையால் களியை உருட்டினாள். பிட்டாள், விரலிடை வைத்து நசுக்கினாள், மீண்டும் பிட்டாள். கண்ணாடிபோல் வழவழத்தது. கட்டியென்று ஒரு கடுகளவும் இல்லை.

தமிழ்மணி ஓர் உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்கினான். விழுங்கியவன் விழித்தான், விழி சிவந்தான், செம்பு நீரை ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்தான்.

“மாமா! இது களியா, உப்பளமா? இத செவலதான் துன்னும்!”

வீரமணி தன் இடக்கையை உற்று நோக்கினான். அனைத்தும் விளங்கிற்று. வென்ற களத்திலேயே தோற்ற மன்னனாய் அவன் தலை தாழ்ந்தது. அவ்வேளை காவேரி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

“டேய், கட்டி இருக்குதா?”

“இல்லக்கா.”

“அவுரு கையி ஆடுச்சா?”

“ஆடல. ஆனா உப்பு...”

“உப்பப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலியே.”

சொல் தவறாத அம்மாதரசி, கழுத்தோரம் கைசெலுத்தி, ஊக்கை நெகிழ்த்தி, திங்கள் பலவாய்ச் சிறையிருந்த சாவியைக் கழற்றி, நடுக்கம் ஒழிந்த அவ்வலக்கையில் வைத்தாள். விண்ணோர் மலர் பொழிந்திருப்பர், ஓட்டுக்கூரை தடுத்துவிட்டது. பள்ளியறை இழந்த கோழிகள் திசையெங்கும் சிதறின. வண்டி புகை கக்கிக் கனைத்தது.

வீரமணி மளிகைக்கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் தோசை மாவு வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தான்.